கைப்பாஸ் பாடாமல் விட்ட வரி

இந்த உலகத்தில் இதுவரை மூன்று கைப்பாஸ்கள்தான் உண்டு. முதலாமவர் வேதாகமத்தில் வருகிற அசல் கைப்பாஸ், இயேசுவை விசாரித்துச் சாவுக்கு அனுப்பிய யூதத் தலைமைக் குரு. இரண்டாமவர் இன்னும் பிறக்கவில்லை. மூன்றாமவர் டோர்ட்மண்ட் பிலேந்திரன். பங்கு மண்டபத்து மேடையில் ஏறி இவர் தொண்டையைத் திறந்தால் ரைன் நதி ஐந்து நிமிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் ஹொலந்துப் பக்கம் போகும். டோர்ட்மண்டில் ரைன் ஓடவில்லையே என்று குறுக்குக் கேள்வி கேட்பவர்கள், அவ்வளவு தூரத்திலிருந்தும் அதற்குக் கேட்கிறது என்பதை யோசிக்க வேண்டும். அசல் கைப்பாஸே எழும்பி வந்தாலும், "அண்ணை, அந்த ரெண்டாம் தருப் பாட்டை எப்பிடி எடுக்கிறது?" என்று பிலேந்திரனிடம் பழகிவிட்டுத்தான் மேடையேற வேண்டும்.

மேடைக்கு வெளியே பிலேந்திரன் வான் ஓட்டுகிறார். 1985 இல், பத்தொன்பது வயதில், யாழ்ப்பாணக் கரையோரத்திலிருந்து கிழக்கு பெர்லின் வழியாக வந்தவர். கொஞ்சக் காலம் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு இரும்பு ஆலை. ஆலையை மூடிய பிறகு, நடக்க ஏலாத நோயாளரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கும் வேலை. ஐம்பத்தெட்டு வயதாகிறது. முழங்கால் சரியில்லை. சலரோகம் என்கிற நீரிழிவும் உண்டு, ஆனால் அது வீட்டுக்கு வெளியே இல்லை என்பது அவருடைய கணக்கு.

வருடத்தில் ஒரே ஒரு நாள், குருத்தோலை ஞாயிறு பின்னேரம், அவர் கைப்பாஸ். டோர்ட்மண்ட் தமிழ்க் கத்தோலிக்கர் போடுகிற, இயேசுவின் பாடுகளைச் சொல்கிற கூத்தில் முப்பத்தொரு வருடமாக அந்த வேஷம் அவருக்குத்தான். இயேசுவாக நடித்தவர்கள் ஏழு பேர் மாறிவிட்டார்கள்; ஒருவருக்கு வயிறு வண்டி வைத்தது, ஒருவர் கனடா போனார். கைப்பாஸ் மாறவில்லை. கறுப்பு அங்கி, கடதாசி மட்டைத் தொப்பி, கொலோன் கார்னிவல் கடையில் வாங்கிய சூனியக்காரி மூக்கு. "கைப்பாஸ்: வளைந்த மூக்கு" என்று கூத்துப் பாட்டுகள் எழுதிய பழைய கொப்பியின் ஓரத்தில் எழுதியிருப்பதால் அந்த மூக்கு. அதை ஒட்டிக்கொண்டு அவர் திரும்பிப் பார்த்தால் முன்வரிசைக் குழந்தைகள் தாயின் மடியில் ஏறும். அதில் அவருக்கு இருந்த சந்தோசம் கொஞ்சநஞ்சமில்லை.

அவருடைய வானில் திங்கள், புதன், வெள்ளி வருபவர் லாரா. எழுபத்தைந்து வயது, இரண்டு கிட்னியும் பழுது, டயாலிசிஸ். உக்ரைனில் கார்கிவ் நகரத்தில் கணக்கு ஆசிரியையாக இருந்து 1996 இல் இங்கே வந்தவர். பிலேந்திரன் பேசுவதும் உடைந்த ஜேர்மன், லாரா பேசுவதும் உடைந்த ஜேர்மன். ஆனால் உடைந்த இடங்கள் வேறு. அவர் தேடுகிற சொல் இவரிடம் இருக்கும், இவர் விடுகிற வினைச்சொல்லை அவர் போடுவார். இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஜேர்மன்காரன் தேறுவான். ரஷ்ய மொழி பேசுகிற அம்மா, ஆகவே சிலுவைக் குறியைக் கொஞ்சம் மாறிப் போடுகிற ரஷ்யக் கிறிஸ்தவ ஆட்கள், ஆகவே எங்கட ஆட்கள்தான் என்று பிலேந்திரன் தனக்குள் ஒரு பெட்டியில் அவரைப் போட்டு மூடிவிட்டார். லாராவிடம் யாரும் கேட்கவில்லை. பிலேந்திரனும் கேட்கவில்லை.

நாலு வருடமாக அவர் லாராவைக் கூத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாசியிலும் லாரா சிரித்துத் தட்டிக் கழிப்பார். இந்த வருடம், டயாலிசிஸ் முடிந்து வெளிறிப்போய் வானில் ஏறியவர், தானாகவே கேட்டார்.

"உங்கட நாடகம் எப்ப?"

"குருத்தோலை ஞாயிறு. மூண்டு மணி."

"நீங்கள் என்ன வேஷம் எண்டு சொன்னனீங்கள்?"

"பெரிய குரு. கெட்ட ஆள். ஆனா நாடகத்தில நான்தான் பெரிய ஆள்."

லாரா இருக்கைப் பட்டியைப் பூட்டினார். "சரி. வாறன்."

பிலேந்திரன் அன்று வழியெல்லாம் விசிலடித்தார்.

அடுத்த வெள்ளி, லாரா வீட்டுக்குப் போகாமல் வேறொரு விலாசம் சொன்னார். போனால் ஒரு பெரிய கட்டடம், வாசலில் பொலிஸ் வண்டி. ஒரு இளம் பொலிஸ்காரி வானின் இலக்கத்தைப் பார்த்தாள்.

"என்ன, பிரச்சினையோ?" என்றார் பிலேந்திரன்.

"இல்லை, இது எப்பவும் நிக்கும். எங்கட தொழுகைக் கூடம்." லாரா தன் கைத்தடியைத் தேடினார். "நான் பெரிசாச் சாமி கும்பிடுற ஆள் இல்லை. அம்மா செத்த நாள், அதுதான். யூதருக்கு இண்டைக்குப் பொழுதுபட ஓய்வு நாள் தொடங்குது."

பிலேந்திரன் கதவைத் திறந்துவிட்டார். கையைப் பிடித்து இறக்கினார். படி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து வானில் அப்படியே இருந்துவிட்டு, அடுத்த நோயாளியை ஏற்றப் பதினைந்து நிமிடம் பிந்தினார். அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது, டயர் என்று ஏதோ சொன்னார்.

அன்று இரவு வீட்டில் கொப்பியை எடுத்துக் குசினி மேசையில் வைத்தார். முப்பத்தொரு வருடம் அதைப் பாடியிருக்கிறார், வாசித்தது அன்றுதான். பாட்டாக இருந்தபோது அது மத்தளமும் தாளமும். வாசித்தால் சொல். "யூதர்" என்ற சொல் வருகிற இடமெல்லாம் முன்னால் ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வந்தது: கள்ள, கொடிய, வஞ்ச, கல்நெஞ்ச. அடைமொழி இல்லாத வெறும் யூதரைத் தேடினார். நாலு இடம். அதில் இரண்டு இடத்தில் பக்கம் கிழிந்திருந்தது.

பிறகு அந்தக் கட்டம். கைப்பாஸ் கூட்டத்தைப் பார்த்து, "இவன் இரத்தம் யார் தலையில்?" என்று இழுத்துப் பாடுவார். யூதர் கூட்டமாக நிற்கும் நாற்பது இளம்பிள்ளைகள், "எம் தலையில்! எம் பிள்ளைகள் தலையில்!" என்று கையை உயர்த்திக் கத்துவார்கள். வேதாகமத்தில் ஒரு வசனம். கொப்பியில் அது இரண்டு பக்கம். கூத்திலேயே அதிகம் கைதட்டு வாங்குவது அதுதான்.

மூன்றாம் வரிசையில் லாரா இருக்கப்போகிறார். கூப்பிட்டது பிலேந்திரன்தான்.

மகள் லவினியா, சரித்திர ரீச்சராக வரப் படிக்கிறவள், வேலை முடிந்து வந்தபோது தகப்பன் கொப்பிக்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார்.

"என்னப்பா, கண்ணில ஏதும் விழுந்ததோ?"

"பிள்ளை, நாங்கள் ஏன் யூதரை இப்பிடி ஏசுறம்?"

லவினியா சப்பாத்தைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டாள். "ஆர் ஏசினது?"

"இதில. முழுக்க. எங்கட ஊரில ஒரு யூதனைக் கண்ட சனமே இல்லை. அம்மா கூட, நான் நாயைக் கல்லால எறிஞ்சா, 'யூதன் மாதிரி நிக்கிறான் பார்' எண்டுவா. அவவுக்கு யூதன் எண்டா ஆரெண்டு தெரியுமே?"

"கப்பலில வந்தது, அப்பா. வெள்ளைக்காரச் சாமிமார் செபம் கொண்டு வரேக்க அதையும் சேர்த்துத்தான் கொண்டு வந்தவை. ஆளைக் கொண்டு வரேல்லை, கோபத்தை மட்டும் கொண்டு வந்தவை."

அவள் சொல்லிக்கொண்டே போனாள். அரைவாசி தமிழ், அரைவாசி ஜேர்மன். கடவுளைக் கொன்ற சாதி என்று கோயிலில் தொடங்கியதாம். ஆயிரத்துத் தொண்ணூற்றாறில் சிலுவைப் போருக்கு வெளிக்கிட்ட சனம், எருசலேம் தூரம், இங்கே பக்கத்திலேயே கிறிஸ்துவின் பகையாளி இருக்கிறான் என்று ரைன் கரை முழுக்க வெட்டிக்கொண்டு போனதாம். பிறகு, அவர்களுக்கு வேறு உடுப்பு, வேறு தொப்பி, தோட்டம் வைத்திருக்க விடுவதில்லை, கைவினைஞர் குழுக்களில் சேர்ப்பதில்லை. விட்டது வட்டித் தொழில் ஒன்றுதான், பிறகு வட்டிக்காரர் என்று அதற்கும் ஏச்சு. கொள்ளை நோய் வந்த வருடம் கிணற்றில் நஞ்சு போட்டார்கள் என்று கொலோனில் கொளுத்தினார்களாம். லூதர் பிரிந்து போனபோது கோயிலில் பாதியை விட்டுவிட்டுப் போனார், இதை மட்டும் கையோடு கொண்டு போனார்.

"எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில நாசி ஆட்சிக் காலத்தை, முப்பத்திமூண்டில இருந்து நாப்பத்தைஞ்சு வரைக்கும் நாலு தரம் படிப்பிச்சவை," என்றாள் லவினியா. "ஏதோ ஒரு நாள் காலமை ஆரோ சுவிச்சைப் போட்ட மாதிரி. வயர் எங்கையிருந்து வருது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"இயேசுவே யூதர்தானே, பிள்ளை."

"மாதாவும்தான்."

பிலேந்திரனுக்கு அது தெரியாத விஷயம் இல்லை. ஆனால் மாதாவை அப்படி ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. சுவரில் இருந்த படத்தில் மாதா நீல முக்காட்டோடு, எங்கட ஆளாகவே இருந்தார்.

"அறுபத்தைஞ்சாம் ஆண்டு ரோமாபுரியில எழுதியாச்சு, அப்பா. யூதர் மேல பழி போடக் கூடாது எண்டு. எல்லாக் கோயிலுக்கும்."

"அந்தக் கடிதம் அண்ணாவியாருக்கு வந்து சேரேல்லைப் போல," என்றார் பிலேந்திரன்.

அண்ணாவியார் சவிரிமுத்து கூத்தைப் பழக்குபவர், கொப்பி அவருடைய தகப்பனின் கையெழுத்து. எழுபத்தெட்டு வயது. சனிக்கிழமை ஒத்திகையில் பிலேந்திரன் அவரை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார்.

"அண்ணை, அந்த இரத்தப்பழிக் கட்டத்தை இந்த முறை விடுவமே?"

"ஏன், தொண்டை சரியில்லையோ?"

"தொண்டை நல்லாயிருக்கு. ஒரு யூத அம்மா பாக்க வாறா. நான்தான் கூப்பிட்டனான்."

அண்ணாவியார் தாளத்தை மடியில் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. லாரா வருவதற்கு அவருக்கு உண்மையிலேயே சந்தோசம். "நல்லதுதானே! முன்னுக்கு இருத்து. தேத்தண்ணி குடு. அவவுக்குத் தமிழ் விளங்கப் போறதில்லை, பிறகென்ன?"

"எனக்கு விளங்குதே, அண்ணை."

"வேதத்தில இருக்கிறதைத்தானே அப்பு எழுதினவர். வேதத்தைத் திருத்த நீ ஆர், நான் ஆர்? நாங்கள் இப்ப இருக்கிற சனத்தையே ஏசுறம்? அது அந்தக் காலத்து யூதர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கேள் பிலேந்திரன். வீடு போச்சு, வள்ளம் போச்சு. அப்புவின்ர கையால இருக்கிறது இந்தக் கொப்பி ஒண்டுதான். அதில வெட்டச் சொல்லாதை."

சண்டை பிடிக்கிற ஆளென்றால் பிடித்திருக்கலாம். கண் கலங்குகிற ஆளோடு என்ன செய்வது?

சரி, லாராவை வர விடாமல் செய்யலாம் என்று பார்த்தார். புதன்கிழமை வானில் தொடங்கினார்.

"நாடகம் சரியான நீளம். நாலு மணித்தியாலம்."

"நான் டயாலிசிஸ் கதிரையில அஞ்சு மணித்தியாலம் இருக்கிறனான்."

"மரக் கதிரை. முதுகு நோகும்."

"தலைகாணி கொண்டு வாறன்."

"எல்லாம் தமிழில. ஒண்டும் விளங்காது."

"உங்கட ஜேர்மனும் முதல் ஆறு மாசம் எனக்கு விளங்கேல்லைத்தானே?" என்றார் லாரா. "புது பிளவுஸ் வாங்கிப்போட்டன். கதைக்காமல் ஓட்டுங்கோ."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அதற்கான சொல்லை அவர் இரண்டு மொழியிலும் தேடினார். சிவப்பு விளக்குகள் எல்லாவற்றிலும் தேடினார். கிடைக்கவில்லை.

மிஞ்சியது ஒரே வழி. கூட்டம் கத்துவது அவர் கேட்ட பிறகுதான். அவர் அந்த வரியைப் பாடாவிட்டால் பதில் இல்லை. மத்தளம் ஒரு சுற்று வரும், கட்டம் நகர்ந்துவிடும், ரோம ஆளுநர் பிலாத்து தீர்ப்புச் சொல்ல வந்துவிடுவார். ஒரே ஒரு வரி. முப்பத்தொரு வருடம் வாய் திறந்ததற்கு ஒருநாள் வாய் மூடுவது. யாருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை.

குருத்தோலை ஞாயிறு மண்டபம் நிறைந்திருந்தது. லாரா மூன்றாம் வரிசையில், நீல பிளவுசும் தலைகாணியுமாக, பக்கத்தில் லவினியா. யாரோ பெண்கள் அவருடைய மடியில் ஒரு தட்டு உருளைக்கிழங்கு ரோல்ஸை வைத்துவிட்டுப் போனார்கள். பிலேந்திரன் மூக்கில்லாமல் மேடைக்கு வந்தார்.

"மூக்கெங்கை?" என்று பல்லைக் கடித்தார் அண்ணாவியார்.

"துலைஞ்சு போச்சு."

கட்டம் வந்தது. பிலேந்திரன் சபைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்துக்கு முகத்தைக் காட்டி நின்றார். தன் முறை வந்தபோது உதட்டை மடித்துப் பல்லுக்குள் வைத்துக்கொண்டார்.

மத்தளம் ஒரு சுற்று வந்தது. நாற்பது பிள்ளைகளும் கையைப் பாதி தூக்கியபடி காத்து நின்றார்கள். இரண்டாம் சுற்று.

ஆனால் கூத்தில் ஒரு மரியாதை இருக்கிறது. பாடுகிறவர் வரியை மறந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் அதை எடுத்துப் பாடிவிட வேண்டும். சபைக்கு மறதி தெரியக் கூடாது. தெரிந்தால் அது அந்த ஆளுக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் வெட்கம். மறந்த ஆளைக் கைவிடாமல் காப்பாற்றுவதுதான் பழக்கத்திலேயே முதற்பழக்கம். பிலேந்திரனே எத்தனையோ பேரை அப்படிக் காப்பாற்றியவர். எல்லாவற்றையும் யோசித்தவர் இதை யோசிக்கவில்லை.

மூன்றாம் சுற்றில் கூட்டத்திலிருந்து யாரோ ஒரு குரல் அந்த வரியை எடுத்தது. "இவன் இரத்தம் யார் தலையில்?"

நாற்பது பேரும், கைப்பாஸ் மாமாவைக் காப்பாற்றிவிட்ட ஆறுதலில், எந்த வருடமும் கத்தாத மாதிரிக் கத்தினார்கள். மண்டபத்து யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கைதட்டு. பிலேந்திரன் நடுவில் வாயை மூடிக்கொண்டு நின்றார். அவருடைய உதடு அசையாததை அந்தச் சத்தத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரை விழுந்த பிறகு அண்ணாவியார் வந்து முதுகில் தட்டினார். "பயப்பிடாதை, வயசு போனா வாறதுதான். பிள்ளையள் காப்பாத்திப்போட்டுதுகள்."

லாராவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனது பிலேந்திரன்தான். இரண்டாவது சிவப்பு விளக்கில் வான் நின்றது.

"நீங்கள் அந்த இடத்தில பாடேல்லை," என்றார் லாரா.

"இல்லை."

"கண்டனான். உங்கட தோள் அசையேல்லை." தலைகாணியை மடியில் தட்டிச் சரிசெய்தார். "ஆனாலும் நடந்தது."

"உங்களுக்குத் தமிழ் விளங்காதே..."

"விளங்காது. ஆனா அது எந்த இடம் எண்டு எனக்குத் தெரியும். அம்மா சின்னனில இருந்த ஊரில, பெரிய வெள்ளி வந்தா அவவின்ர தகப்பன் மேசையை இழுத்துக் கதவோட வைப்பாராம். கோயில் முடிஞ்சு சனம் வெளியில வாற நேரத்துக்கு. இதைத்தான் உள்ளுக்குக் கேட்டிட்டு வருவினமாம்."

"தெரிஞ்சால் பின்னை ஏன் வந்தனீங்கள்?"

"நாலு வருசமாக் கூப்பிட்டீங்களே."

பிலேந்திரன் வானை ஓரம் கட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மன்னிப்புக் கேட்டார். இலக்கணம் சரியாக வந்த ஒரே வசனம் அதுதான்.

"எதுக்கு?" என்றார் லாரா, கோபமில்லாமல். "இவ்வளவு காலத்துக்கும் சேர்த்தோ? நீங்கள் வான் ஓட்டுற ஆள். ஓட்டுங்கோ."

திங்கட்கிழமை லாரா வழமை போல வந்தார். பொட்டாசியம் கூடிவிட்டதென்று டாக்டர் ஏசியதைச் சொன்னார், ரோல்ஸ்தான் காரணமாம். சிரித்தார். இருவருக்கும் இடையில் ஒன்றும் உடையவில்லை. உடைந்திருந்தால் பிலேந்திரனுக்கு எதையாவது ஒட்டிப் பார்க்கவாவது இருந்திருக்கும். அடுத்த வருடம் வாங்கோ என்று அவரும் சொல்லவில்லை, எப்போது என்று லாராவும் கேட்கவில்லை.

கூத்தின் ஆண்டு மலருக்கு முப்பத்தொரு வருடக் கைப்பாஸைப் பற்றி ஒரு வாழ்க்கைக் குறிப்பு வேண்டுமென்று சொல்லி, பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட, வேறு வேலையில்லாத கவிசாவிடம் கொடுத்திருந்தார்கள். பதினேழு வயது. அவள் பிலேந்திரனை வானில் வைத்து மூன்று நாள் கேள்வி கேட்டு, இவ்வளவையும் எழுதி, வாசித்துப் பார்க்கக் கொடுத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ரைன் நதி வருகிற இடத்தில் ஒருமுறை செருமிவிட்டு, கடைசி வரைக்கும் மெதுவாக வாசித்தார். பிறகு தாளைத் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தார்.

"'யாரோ ஒரு குரல்' எண்டு எழுதியிருக்கு."

"ஓம் மாமா. ஆரெண்டு தெரியேல்லை. சத்தம்தானே..."

"நான் சபைக்கு முதுகைக் காட்டி நிண்டனான், பிள்ளை." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முகம் கூட்டத்தில நிண்ட உங்கட பக்கம். ஆரின்ர வாய் முதல் திறந்தது எண்டு கண்டனான். நான் மறந்துபோனன் எண்டு நினைச்சு, நீதான் நடுங்கி நடுங்கிப் பாடினனீ. அதை எழுது."